அப்பா அறையின் காற்று

கடலுக்கடியில் படம் எடுப்பது என் சம்பளத்துக்குக் கொஞ்சம் அதிகமான ஆசைதான். ஜொகூர் பாரு கடைக்காரர் ஒரு பழைய சின்னக் கேமராவையும், தண்ணீர் புகாத பிளாஸ்டிக் உறையையும் எடுத்து வைத்தார்.

"உங்க பட்ஜெட்டுக்கு இது போதும்லா, அக்கா. லைட்டெல்லாம் வேணாம், கிட்டப் போயி எடுங்க. ஆனா உறையை ஏர்கோன் போட்ட குளிர் ரூம்ல வச்சு மூடணும். நம்ம ஊரு ஈரக்காத்து உள்ள போச்சுன்னா, தண்ணிக்குள்ள கண்ணாடியில ஆவி படிஞ்சிடும்."

செனாயில் எங்கள் வீட்டில் ஏர்கோன் உள்ள அறை ஒன்றுதான். அப்பா படுத்த படுக்கையானபோது அவருக்காக மாட்டியது. அவர் போன பிறகு அந்தக் கதவை நான் திறக்கவே இல்லை. போயும் போயும் ஒரு கேமராவுக்காகத் திறக்க வேண்டியிருந்ததில் எனக்கு எரிச்சல். கட்டில் பக்கம் திரும்பாமல் உறையை அழுத்தி மூடிவிட்டு வெளியே வந்தேன்.

மெர்சிங்கிலிருந்து படகில் போய் முதல் முறை கடலில் இறங்கினேன். படங்கள் பளிச்சென்று விழுந்தன. படகில் ஏறி, பேட்டரி மாற்ற உறையைத் திறந்தேன்.

பக்கத்தில் இருந்த தோழி மூக்கை உறிஞ்சினாள். "தைலம் தேச்சது யாருலா?"

யாரும் தேய்த்திருக்கவில்லை. அப்பாவின் முதுகில் நான் தினமும் தேய்த்த தைலம் அது.

பேட்டரியைத் திணித்து, மிச்சமிருக்கும் அந்த அறைக் காற்றாவது உள்ளேயே இருக்கட்டும் என்று உறையைப் படக்கென்று மூடினேன். கடல்காற்றும் கூடவே போயிருக்கும். போகட்டும்.

மறுபடி இறங்கியபோது ஒரு மீன்கூடத் தெளிவாக விழவில்லை. எல்லாப் படத்திலும் ஆவி.