நான் எழுதாத நிரல்

நான் பொய் சொன்னேன். அந்தக் கணினியில் ஓடிய அச்சு நிரலை நான் எழுதவில்லை. வேலை பார்த்த அலுவலகத்தின் வட்டு ஒன்றிலிருந்து திருடினேன். உரிமையாளரின் பெயரை அழித்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மாலை வேளைகளில் நல்லூரில் ஒரு ரியூட்டறியில் ஸ்டெலாவும் நானும் கணிதம் படிப்பித்தோம். அவள் குருநகர்க் கடற்றொழிலாளி ஒருவரின் மகள். ரியூட்டறியில் இருந்த ஒரே கணினியின் மென்பொருள் ஒருநாள் முடங்கியது. திருத்த வழியில்லை, அதை விற்றவர்கள் அதன் மூலத்தை, உள்ளே எழுதிய வரிகளை, எவருக்கும் காட்டுவதில்லை. கடிதம் போய்வரவே மாதங்கள் ஆகும் போர்க்காலம்...

“எல்லாரும் திறந்து பாக்கக்கூடிய, திருத்தக்கூடிய, படியெடுத்துக் குடுக்கக்கூடிய நிரல் மட்டுந்தான் இனி இதிலை ஓட வேணும்,” என்றாள் ஸ்டெலா. “பூட்டினது ஒண்டும் வேண்டாம், அண்ணை.”

கொழும்பிலிருந்து வந்த என் உறவினர் அத்தகைய நிரல்களைச் சில வட்டுகளில் கொண்டுவந்தார். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் ஜெனரேற்றர்தான். ஒவ்வொன்றாக இயங்கத் தொடங்கின. அச்சுப்பொறி மட்டும் தமிழுக்கு மசியவில்லை. அது என் பொறுப்பு. ஆறு வாரம் முயன்று தோற்றேன்.

தோற்றேன் என்று சொல்ல ஏன் வாய் வரவில்லை? அவளைவிட நான் மூத்தவன் என்பதாலா?

திருடிய நிரலால் கேத்திரகணித வினாத்தாள் முழுவதும் தமிழில் வெளிவந்தபோது மாணவர்கள் கைதட்டினார்கள். எனக்காகவும் தட்டினார்கள்.

மறுவாரம் ஸ்டெலா கேட்டாள். “உங்கடை நிரலின்ரை மூலத்தைத் தாங்கோ அண்ணை. மற்ற ரியூட்டறியளுக்கும் குடுப்பம்.”

“மூலம் இருந்த வட்டு பழுதாப் போச்சு,” என்றேன்.

“பரவாயில்லை. நான் திருப்பி எழுதுறன்.”

கட்டத்தாளில் ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்தாள். நான்கு மாதம்! அவளுடைய நிரல் ஓடிய அன்றே திருடியதை அழித்தேன். அதன்பின் அந்தக் கணினியில் பூட்டிய வரி ஒன்றுகூட இருக்கவில்லை. கோப்பாய் ரியூட்டறி ஒன்றுக்குப் படி போனது. கரவெட்டி ஆசிரியர் ஒருவர் ‘ணை’யின் வடிவைத் திருத்தித் திருப்பி அனுப்பினார். அதைப் பார்த்து ஸ்டெலா வாய்விட்டுச் சிரித்தாள். நாங்கள் வென்றோம், அதில் எனக்கு இன்றும் ஐயமில்லை.

ஆனால் அவளுடைய நிரலின் தலைப்பில் என் பெயரும் இருந்தது: ‘முதலில் எழுதியவர் சிவநேசன். மூலம் அழிந்ததால் மீண்டும் எழுதியவர் ஸ்டெலா.’

படி போன இடமெல்லாம் அந்த வரியும் போயிற்று. எவரும் திருத்தலாம் என்று நாங்களே சொல்லிக் கொடுத்த நிரல் அது. அந்த வரியை ஏன் திருத்தவில்லை என்று கேட்பீர்கள்...

இத்தனை வருடம் கழித்து, போன மாதம் ஸ்டெலா தொலைபேசியில் கதைத்தாள். “முதலிலை செய்து காட்டினது நீங்கள்தானே அண்ணை. அதாலைதான் எனக்கும் துணிவு வந்தது.”

“ஓம்,” என்றேன்.