எங்கள் வீட்டுக்கு வந்த இத்தாலிக் குதிரைக்காரர்கள்

முதலில் அவர்கள் தின்பதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கரி பிடித்த சட்டியை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு, மொச்சை மாதிரி எதையோ மரக்கரண்டியால் வாரி வாரி வாய்க்குள் போடுகிறார்கள். பாதி உள்ளே போகிறது, பாதி தாடியில் நிற்கிறது. மென்றுகொண்டே பேசுகிறார்கள், பேசிக்கொண்டே துப்புகிறார்கள், துப்பியதும் அதே கையால் மூக்கைத் துடைத்துக்கொள்கிறார்கள். காமிராக்காரனுக்கு அதில் என்ன ஆசையோ, வாய்க்குக் கிட்டத்தில் போய் நின்றுகொள்கிறான். மத்தியானச் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்கிற கதி எனக்கு வந்தது. ரசம்கூட இறங்கவில்லை.

இந்த மாதிரிப் படங்களுக்கு ஸ்பாகெட்டி வெஸ்டர்ன் என்று பெயராம். கைப்பேசியில் தேடிப் படித்தேன். ஸ்பாகெட்டி என்பது நம் சேமியாவுக்குப் பெரியப்பா முறை வருகிற ஒரு பண்டம். அதைத் தின்கிற ஊர்க்காரர்கள் எடுத்த படம் என்று கேலியாக வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது. கதை அமெரிக்காவில் நடக்கிறது, எடுத்தவர்கள் இத்தாலிக்காரர்கள், எடுத்த இடம் ஸ்பெயின் தேசத்துப் பொட்டல்காடு. தமிழ்க் குரல் கொடுத்தது எங்கே என்று தெரியவில்லை, கிணற்றுக்குள் என்று நினைக்கிறேன். இத்தனை தேசம் சுற்றிக் கடைசியில் அந்தக் கும்பல் வந்து இறங்கிய இடம் சங்ககிரியில் என் வீட்டுக் கூடம்.

இந்த வகையில் நல்ல படங்களும் உண்டு என்று படித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். இருக்கட்டும். எங்கள் வீட்டுக்கு வந்தவை அவை இல்லை. அந்த நல்ல படங்கள் ஓடியதைப் பார்த்து, நாமும் எடுத்தால் ஓடும் என்று, கையில் காசில்லாதவர்கள் அவசர அவசரமாகச் சுட்டுத் தள்ளியவை.

இவற்றை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் என் கணவரின் சிநேகிதர். இருவரும் இளவட்டத்தில் ஒரே லாரியில் மாற்றி மாற்றி வண்டி ஓட்டி வடக்கே போய்வந்தவர்கள். பிற்பாடு என் கணவர் சொந்தமாக லாரி வாங்கினார், நண்பர் டயர்க் கடை வைத்தார். போன ஐப்பசியில் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று. கை பாதி திரும்பியது. பேச்சுப் போயிற்று, அது திரும்பவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது. பதில் சொல்லத்தான் வாய் கோணிக்கொண்டு அசைந்தது, சத்தம் வரவில்லை. வந்தாலும் வெறும் "ம்".

அவர் எப்பேர்ப்பட்ட பேச்சுக்காரர் என்று எங்கள் தெருவைக் கேட்டால் தெரியும். லாரி ஷெட்டில் நின்று பேச ஆரம்பித்தால் டீ ஆறி ஆடை கட்டிவிடும். சேலத்து டாக்டர், "பேச்சு வரலாம். எப்ப, எவ்வளவுன்னு சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நான் ஒரே ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். எந்த வார்த்தையானாலும் சரி. திட்டினாலும் சரி. வாழ்நாளெல்லாம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். "பேசாதே, பேசாதே" என்று பிள்ளைகளை அதட்டியே தொண்டை கட்டியவள். வீட்டில் ஒரு மனுஷனைப் பேசவைக்க வழி தெரியாமல் நின்றேன்.

அந்த நேரத்தில்தான் சிநேகிதர் ஒரு பென்டிரைவோடு வந்தார். "டீச்சர், இதுல பூராவும் கௌபாய் படமுங்க. நானும் மாப்ளயும் அந்தக் காலத்துல சேலத்துல காலைக் காட்சிக்குப் போயி உக்காந்துக்குவோமுங்க. இப்பத் தமிழ்லயே பேசறானுங்க" என்று சொல்லி டிவியில் சொருகிவிட்டார். என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்றைக்குச் சாயங்காலம் சிரிக்கவும் செய்தார், ஒரு பக்கத்து உதட்டால். அதைப் பார்த்த பிறகு நான் எப்படி வேண்டாம் என்று சொல்வேன்?

சொல்லாமல் விட்டதற்கு அனுபவித்தேன். தினமும் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடக்கும்போதெல்லாம் ஒருவன் செத்துக்கொண்டிருந்தான். கூரையிலிருந்து விழுந்து செத்தவன் அடுத்த படத்தில் மீசை ஒட்டிக்கொண்டு வந்து அதே கூரையிலிருந்து மறுபடி விழுந்தான். ரத்தம் லாரிப் பட்டறையில் இரும்புக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடு பெயிண்ட் நிறத்தில் இருந்தது. செத்தவன் வயிறு ஏறி இறங்குவது நன்றாகத் தெரிகிறது. அதை இன்னொரு தடவை எடுக்க ஒருவனுக்கும் மனசு வரவில்லை. ஈ மட்டும் நிஜமான ஈ. எல்லார் முகத்திலும் உட்கார்கிறது, யாரும் ஓட்டுவதில்லை.

அந்த ஊர்க்காரர்கள் எதை வைத்துப் பிழைக்கிறார்கள் என்பதும் எனக்கு விளங்கவில்லை. ஒரு தெரு, ஒரு சாராயக்கடை, ஒரு சவப்பெட்டிக் கடை. உழுகிறவன் கிடையாது, நெய்கிறவன் கிடையாது, ஒரு கோழிப்பண்ணைகூடக் கிடையாது. யாராவது இரண்டு பேர் தெருவில் எதிரெதிரே நின்றால் மற்ற சனமெல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறது. நின்றவர்கள் உடனே சுட்டுத் தொலைக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. கண்ணைக் காட்டுவான், பிறகு கையைக் காட்டுவான், மறுபடி கண். நான் உள்ளே போய்ப் பருப்பை இறக்கிவிட்டு வந்து பார்த்தாலும் அதே கண்தான். பெண் என்று ஒருத்தி வந்தால் அறை வாங்கத்தான் வருகிறாள். அவள் அலறுகிறபோது ஆண்கள் கூடி நின்று தொண்டை தெரியச் சிரிக்கிறார்கள். அந்த இடத்தில் எனக்கு அருவருப்பு கோபமாகிவிடும். போய் டிவிக்கு முன்னால் நின்றுகொள்வேன். என் கணவர் கழுத்தை வளைத்து என்னைத் தாண்டிப் பார்ப்பார்.

எல்லாவற்றையும்விட அந்தத் தமிழ்! ஊர் முழுசுக்கும் மூன்றே பேர்தான் குரல் கொடுத்திருக்கிறார்கள். பாதிரியாரும் கொள்ளைக்காரனும் ஒரே தொண்டையில் பேசுகிறார்கள். பச்சைப்பிள்ளைக்கும் சாராயக்கடைக்காரிக்கும் ஒரே பெண் கீச்சிடுகிறாள். "அட பரதேசி நாயே, உன் மரணம் என் கையில் எழுதப்பட்டுள்ளது" என்கிறான் ஒருவன். யாரால் எழுதப்பட்டுள்ளது? செயப்பாட்டு வினையில் சாபம் கொடுக்கிற தமிழன் எந்த ஊரில் இருக்கிறான்? வாய் ஒரு பக்கம் அசைகிறது, பேச்சு ஒரு பக்கம் வருகிறது. பேச்சு முடிந்த பிறகும் வாய் மென்றுகொண்டிருக்கிறது. சில சமயம் வாயை மூடிக்கொண்டு நிற்கிறவனிடமிருந்து நீளமாக வசனம் வருகிறது. என் கணவர் அந்த வாய்களைத்தான் உற்று உற்றுப் பார்த்தார். அப்போதெல்லாம் அவர் உதடும் லேசாக அசையும். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. அவரால் சொல்லவும் முடியவில்லை.

சிநேகிதருக்கு என் முகச்சுளிப்பு வேடிக்கையாக இருந்தது. "கதைய உடுங்க டீச்சர். அந்தக் காடு, பாறை, புழுதியெல்லாம் பாருங்க. நம்ம கோட்டை மலையாட்டவே இல்லீங்களா? அங்க ஏறி நின்னு ரெண்டு பேரு சுட்டுக்கிட்டா எப்பிடி இருக்குமுங்க!" என்றார்.

"நாறுமுங்க" என்றேன்.

"பொழுது போகோணுமல்லங்க டீச்சர். படுத்துக் கெடக்கறவனுக்குப் பொழுதுதானுங்க பெரிய பாரம்."

பொழுதுபோக்கு என்ற சொல்லைப் பிரித்து எழுதச் சொல்லி எத்தனையோ பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன். போக்கவேண்டிய பொழுது ஒருவர் நெஞ்சின் மேல் உட்கார்ந்திருக்கும் என்று அப்போது தோன்றியதில்லை. தோன்றினாலும் அதைப் போக்க இந்த எச்சில் துப்பிகள்தானா கிடைத்தார்கள் என்று எரிச்சல் வந்தது.

பேச்சுப் பயிற்சிக்கு வாரம் ஒருநாள் சேலம் போவோம். பயிற்சி கொடுக்கிற பெண் நல்ல பொறுமைசாலி. பூனைப் படம், குடைப் படம், ரயில் படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, "இது என்ன சார்? பூ... பூ..." என்பாள். நாடு பூராவும் லாரி ஓட்டியவர் பூனைக்கு முன்னால் தலையைக் குனிந்துகொள்வார். பங்குனி முடிகிற சமயம் அந்தப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்ல டிவி எவ்வளவு நேரம் ஓடுதும்மா?" என்று கேட்டாள். சொன்னேன். "குறைங்கம்மா. டிவி பேசிட்டே இருந்தா அவர் பேச வேண்டிய அவசியமே இல்லாமப் போயிடும். ஆரம்ப மாசங்கள்ல வர்ற முன்னேற்றம் முக்கியம். நாள் ஆக ஆகக் கஷ்டம்" என்றாள்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இந்த அழுக்குப் பிடித்தவர்கள் வாய் ஓயாமல் பேசித்தான் இவர் வாயை அடைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். அடுத்து சிநேகிதர் வரும்போது பென்டிரைவை அவரிடமே கொடுத்தனுப்பிவிடுவது, அத்தோடு டிவி கிடையாது என்று சொல்லிவிடுவது என்று இருந்தேன்.

மறுநாள் மத்தியானம் அவருக்குச் சாதம் ஊட்டி முடித்தேன். சிநேகிதரும் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். படம் ஓடிக்கொண்டிருந்தது. வயிற்றில் குண்டு வாங்கிய ஒருவன் பாறையில் சாய்ந்துகொண்டு, சாகவும் மாட்டாமல் பேச்சை நிறுத்தவும் மாட்டாமல் கிடந்தான். அவன் தலையைக் கதாநாயகன் தாங்கிக்கொண்டிருந்தான். இந்த மூஞ்சிகளை இன்றோடு ஒழித்துவிடலாம் என்று ரிமோட்டை எடுத்துக்கொண்டு டிவிக்கு முன்னால் போய், இவர்கள் இரண்டு பேருக்கும் முதுகைக் காட்டி நின்றேன். "நான் போகிறேன், நண்பா. நான் போகிறேன்" என்றான் பாறைக்காரன்.

எனக்குப் பின்னால், "வாரேன்" என்று ஒரு குரல் கேட்டது.

கரகரவென்று, பாதி காற்றாக வந்தது. ஆனால் அவர் குரல்தான். எனக்கு அது தெரியாதா? எங்கள் பக்கத்தில் யாரும் "போறேன்" என்று சொல்லி வாசற்படி தாண்டமாட்டார்கள். வடக்கே வண்டி ஏறுகிறபோதெல்லாம் "வாரேன்" என்றுதான் சொல்லிவிட்டுப் போவார். போகிறவர் சொல்கிற சொல் அது. எந்த வார்த்தைக்காக இத்தனை மாதம் காத்திருந்தேனோ, அந்த வார்த்தை வந்தபோது என் உயிர் போய்விட்டது. போகப்போகிறார், அதைச் சொல்லத்தான் வாய் திறந்திருக்கிறது என்றே நினைத்தேன்.

ரிமோட் கையிலிருந்து விழுந்து பேட்டரி ஒரு பக்கம் உருண்டது. திரும்பி ஓடிப்போய் அவர் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டேன். "ஏனுங்க, எங்கீங்க போறீங்க? வேண்டாமுங்க. எங்கியும் போவேண்டாமுங்க" என்று கத்தினேன். சிநேகிதர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். என் கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். வகுப்பில் நடுப்பாடத்தில் கதவைத் தட்டுகிறவர்களை நான் பார்ப்பேனே, அந்த மாதிரிப் பார்வை. நல்ல கையால் என்னை ஒதுக்கிவிட்டு டிவியைக் காட்டினார். உதடு கோணியது. நெற்றியில் வேர்த்தது. ஒவ்வொரு எழுத்தாக இழுத்து வெளியே கொண்டுவந்தார்.

"போறேங்கறான்" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கினார். "வாரேன்னு... சொல்லோணும்."

சிநேகிதர்தான் முதலில் புரிந்துகொண்டார். "அட மாப்ள! அந்தச் சாவறவனுக்கு நீ வசனஞ் சொல்லிக் குடுக்கறயா?" என்று கேட்டுவிட்டு, சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாமல் வாயைப் பொத்திக்கொண்டார்.

சந்தோஷம் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. கூடவே பற்றிக்கொண்டும் வந்தது. ஐப்பசியிலிருந்து இடுப்பு ஒடிய ஊட்டி, துடைத்து, சுலோகம் சொல்லி, பூனை குடை ரயில் என்று கத்தினவள் நான். எனக்கு ஒரு வார்த்தை இல்லை. முதல் பேச்சு யாருக்குப் போயிற்று பாருங்கள்! பல் கறுத்த, வயிற்றில் பெயிண்ட் பூசிய, எந்த ஊர் என்றே தெரியாத ஒரு கூத்தாடிக்கு. அவன் சரியான தமிழ் பேசியிருந்தால் இதுவும் வந்திருக்காது என்று நினைக்கிறபோது இன்னும் ஆத்திரமாக இருந்தது. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இந்தக் கருமத்தப் பாத்துத்தான் உங்களுக்கு வாய் தொறக்கோணுமா?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். "நல்லாத்தான்... இருக்குது" என்றார்.

"நல்லா இருக்குதா? அருவருப்பா இருக்குதுங்க. ஒருத்தன் மூஞ்சி கழுவுறானா? ஒருத்தி நல்லபடி வாழறாளா?"

"இல்ல" என்று என்னை மறுத்தார். எங்களுக்குள் பழைய சண்டைகளெல்லாம் இந்த "இல்ல"வில்தான் ஆரம்பிக்கும். சிநேகிதர் குனிந்து பேட்டரியைத் தேடி எடுத்து ரிமோட்டுக்குள் போட்டு என் கையில் கொடுத்தார். அதற்குள் பாறைக்காரன் ஒருவழியாகச் செத்து, குதிரைக்காரன் சூரியனை நோக்கிப் போய், படம் முடிந்திருந்தது. பயிற்சிப் பெண்ணிடம் என்ன சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது அவர் என் கையைத் தட்டினார்.

"அடுத்ததப்... போடு."

போட்டேன். அது இதைவிடக் கேவலமாக இருந்தது.