கதவின் உட்பக்கம்

பெரிய வீடுகளின் முன்கூடம் எப்படி இருக்கும் என்று சாராளுக்குத் தெரியாது. பின்பக்கம் அத்துப்படி. மதுராந்தகத்திலிருந்து அச்சரப்பாக்கம் வரைக்கும் எந்த வீட்டு மாட்டுக்கொட்டகையில் எந்த ஜாடியில் தவிடு கிடக்கிறது, எந்த வீட்டுக் கோழி எந்தத் தொங்குவிளக்கின் கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் குடிக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். காலனிப் பெண்ணைக் கொல்லைப்புறத்தோடு நிறுத்திவிட்டால் அவள் வேறு எதைத்தான் பார்ப்பாள்? நிறுத்தியவர்கள் அதை யோசிக்கவில்லை. அவர்கள் யோசிக்காமல் விட்டதை வைத்து அவள் பிழைத்துக்கொண்டாள்.

முதலில் அவள் எவர்சில்வர்க்காரிதான். கூடையில் டம்ளரும் தட்டும் சுமந்து போய், பழைய துணிக்கும் ஓட்டைப் பித்தளைக்கும் மாற்றிக் கொடுப்பாள். அந்த எழுபதுகளில் பளபளப்பு என்றால் ஜனங்களுக்கு ஒரே பைத்தியம். ஸ்டீல் பீரோ வீட்டுக்குள் வந்தால் தேக்குப் பெட்டி கொல்லைக்குப் போகும். டியூப்லைட் வந்தால் சரவிளக்கு பரணுக்குப் போகும். தாத்தன் பர்மாவிலிருந்து கொண்டுவந்த பீங்கான் ஜாடியைக் கொடுத்துவிட்டு இரண்டு எவர்சில்வர் டம்ளரை வாங்கி, அதில் முகம் பார்த்துச் சிரித்த மகராசிகளை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

அப்படி வந்த ஜாடி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஒருநாள் மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தாள். நீலப்பூ போட்ட ஜாடி. ஒரு வெள்ளைக்காரி நின்று நின்று பார்த்துவிட்டுப் போனாள். எதிரே சங்குக்கடை வைத்திருந்த பூவராகவன் வெள்ளைக்காரியையும் பார்த்தான், ஜாடியையும் பார்த்தான். அன்றோடு அவன் கடையில் பாதி சங்கு, பாதி பழைய சாமான் என்று ஆனது. பூவராகவனை யோக்கியன் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சாராள் போனால் ஸ்டூலை இழுத்துப் போட்டு "குந்தும்மா" என்று சொன்ன முதல் கடைக்காரன் அவன்தான்.

சாராளுக்குத் தொழிலில் இரண்டு பிடிவாதங்கள் உண்டு. சாமி சம்பந்தப்பட்ட எதையும் தொடமாட்டாள். சிலை விஷயத்தில் போலீஸ் கெடுபிடி ஒருபக்கம். அடுத்தவர் சாமியை விற்றுச் சாப்பிட்டால் செரிக்காது என்பது இன்னொரு பக்கம். இரண்டாவது, எல்லாப் பக்கமும் பார்க்காத பொருளுக்குக் காசு கொடுக்கமாட்டாள். ஜாடியைக் கவிழ்த்துப் பார்ப்பாள், பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்ப்பாள், கண்ணாடியின் முதுகைத் தடவிப் பார்ப்பாள்.

எழுபத்தேழில் சிவப்பிரகாசம் வீடு விலைக்குப் போனது. அவள் தகப்பன் ஏசுபாதம் ஆயுசுக்கும் உழைத்த பண்ணை அது. பிள்ளைகள் மெட்ராஸில், நிலம் போய்விட்டது, ரைஸ் மில்காரன் ஒருவன் வீட்டை இடித்துவிட்டு ஷெட் போட வாங்கியிருந்தான். ஒப்படைக்கும் நாளுக்குள் எடுக்காத சாமானெல்லாம் அவனுக்கே என்று பேச்சு. கடிகாரம், பெட்டிகள், ஊஞ்சல் சங்கிலி எல்லாவற்றையும் சாராள் கொல்லைப்பக்கமாகவே வாங்கி வண்டியேற்றிவிட்டாள். மிச்சம் தலைவாசல் கதவு. இரட்டைக் கதவு, அசல் தேக்கு, கொடியும் கிளியும் தாமரையுமாக ஓர் அங்குலம் விடாமல் செதுக்கல். ஹோட்டல்காரர் ஒருவர் கேட்கிறார் என்று பூவராகவன் பறந்தான்.

அந்தக் கதவு அவளுக்குப் புதிதல்ல. சின்ன வயதில் ஒருமுறை அதைத் தட்டியிருக்கிறாள். அப்பா கிணற்று மேட்டிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்து கிடந்தார். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கேட்டு ஓடி வந்தவள், பதற்றத்தில் கொல்லைப்பக்கம் போக மறந்து முன்கதவைத் தட்டிவிட்டாள். "யாரது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. சொன்னாள். "அங்கியே நில்லு" என்றது குரல். இளவட்டமாக இருந்த சிவப்பிரகாசத்தின் குரல். நின்றாள். வெயில் தாழ்ந்து, விளக்கு வைத்த பிறகும் நின்றாள். கதவு திறக்கவே இல்லை. ஏசுபாதம் சாகிற வரைக்கும் நொண்டித்தான் நடந்தார்.

இப்போது சிவப்பிரகாசம் கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு பேரம் பேசினார்.

"ஆளுங்கள வுட்டுக் கழட்டி இங்க எடுத்தாந்து போடச் சொல்றேன். நீ பாத்துக்கோ."

"கழட்டிப் போட்ட கதவ எவன் பாப்பான் அய்யா? கோணலு கீதான்னு நிக்கறப்பதான் தெரியும். உள்ள நின்னு சாத்திப் பாக்கணும்."

அவள் சொன்னது தொழில் நியாயம். அந்தக் கதவைத் திறந்து வைத்தால் உட்பக்கம் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். சாத்தினால், வீட்டுக்குள் இருப்பவருக்குத்தான் தெரியும். ஆனால் தொழிலுக்காக மட்டும் கேட்டாள் என்று சொன்னால் அது பொய்.

"உள்ளயா?" சிவப்பிரகாசம் சிரித்தார். "இந்த வூடு இடியற வரைக்கும் உங்காளுங்க யாரும் தலவாசல் தாண்ட முடியாது."

"அதான் அடுத்த வாரம் இடிக்கப் போறாங்களே அய்யா."

அவர் முகம் கறுத்துவிட்டது. மெட்ராஸிலிருந்து வேறு ஆள் வருகிறான், நீ போ என்றார். "வரட்டும்" என்று சொல்லி அவள் முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

மெட்ராஸ் ஆள் வரவில்லை. ஒப்படைக்கும் நாளைக்கு முன்தினம் சிவப்பிரகாசம் சொல்லியனுப்பினார். பார்ப்பதெல்லாம் கிடையாது, முழுப்பணத்தையும் வைத்துவிட்டுக் கதவை எடுத்துக்கொண்டு போகலாம் என்று. அவளிடம் இருந்த பணம், கூரையைப் பிரித்து ஓடு போடுவதற்காகச் சேர்த்தது. ஐப்பசி மழையில் வீடு முழுக்கச் சட்டி வைத்துச் சலித்துப்போனவள் அவள். உட்பக்கம் உளுத்திருந்தால் ஓடும் போச்சு, கதவும் போச்சு.

"பேஜாரு புட்ச்ச வேல இது," என்றான் புருஷன் தாவீது. "பாக்காத சாமான வாங்காதன்னு ஊருக்கெல்லாம் சொல்றவ நீ. உனக்கு இன்னா ஆச்சு?"

"கதவு என்னுதா ஆனதுக்கு அப்பால பாத்துக்கறேன்."

"அப்பால பாத்து இன்னா பண்ணுவ?"

அவள் பணத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் காலையில் கதவைக் கழற்ற ஆசாரி உளியோடு வந்து நின்றார். வண்டியோடு வந்த தாவீதும் ரைஸ் மில் ஆட்களும் தெருவில் கூடியிருந்தார்கள். சிவப்பிரகாசம் வாசலுக்கு வெளியே நின்று பணத்தை வாங்கி எண்ணி மடித்து வைத்துக்கொண்டார். நாலு பேர் பார்க்கிறார்களே என்று கொஞ்சம் தாராளமாகவே பேசினார்.

"அவ்ளோதான். இனிமே அது உன் கதவு. நீ இன்னா வேணா பண்ணிக்கோ."

"எல்லாரும் கேட்டுக்கினீங்களா?" என்றாள் சாராள்.

செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். யார் வீடானாலும் அது அவள் வளர்ப்பு. பிறகு வாசற்படியைத் தாண்டி நேராக உள்ளே போனாள்.

"ஏய், எங்கடி போற?"

"என் கதவப் பாக்கறேன் அய்யா. நீங்கதான சொன்னீங்க."

இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தினாள். கோணல் இல்லை, பாலில் பால் சேர்ந்த மாதிரி பொருந்தின. தாழ்ப்பாளையும் சோதிக்க வேண்டுமே. போட்டாள். குறுக்குக்கட்டையும் இருந்தது. அதையும் தூக்கிப் போட்டாள்.

கூடத்தில் வெளிச்சம் குறைந்தது. இத்தனை வருஷமாக மறைத்து வைத்த இடம் இவ்வளவுதானா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. காரை பெயர்ந்த சுவர், ஆணியடித்த தடங்கள், ஒரு வௌவால் நாற்றம். குனிந்து வலது கதவின் உட்பக்கத்தைத் தடவினாள். அடியிலிருந்து முழங்கால் உயரம் வரைக்கும் விரல் உள்ளே போனது. கரையான். மாவு மாவாக உதிர்ந்தது. பூவராகவன் பாதி விலைகூடக் கொடுக்கமாட்டான். இந்த வருஷமும் மழைக்குச் சட்டிதான். ஒரு நிமிஷம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே கதவு இடிபட்டது. "தொறடி! தாழ்ப்பாள எதுக்குப் போட்ட? சாராளு! தொற!" சிவப்பிரகாசம் இரண்டு கையாலும் தட்டினார். தெருவில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. தாவீதின் சிரிப்புதான், அவளுக்குத் தெரியாதா என்ன.

அவள் எழுந்தாள். புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"யாரது?" என்றாள்.

தட்டுவது நின்றது.

"நான்தான்... சிவப்பிரகாசம்."

"அங்கியே நில்லு," என்றாள் சாராள். "உள்ள வரணும்னா கொல்லப்பக்கமா சுத்திக்கினு வா."

பிறகு இடது கதவின் அடியில் உட்கார்ந்து, விரல் முட்டியால் கீழிருந்து மேலாக நிதானமாகத் தட்டிப் பார்க்கத் தொடங்கினாள்.