இந்த வருஷமும் கண் நல்லாத்தான் இருக்கு

அம்மாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை, ஒரு லென்ஸைத் திருப்பிப் போட்டது. அலுவலகம் கிளம்பும் அவசரத்தில் மகள் கான்டாக்ட் லென்ஸை விரல் நுனியில் ஏந்திக் கண்ணாடி முன் நின்றாள். மேசையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"உள்பக்கம் வெளியே வந்திருக்குடி. ஓரம் தட்டு மாதிரி விரியுது பாரு. கிண்ணம் மாதிரி நிக்கணும்."

மகள் விரலைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். சரிதான்.

"அங்கேயிருந்து எப்படிம்மா தெரியுது?"

"கண்ணு போனவளுக்கு எல்லாம் தெரியும்."

அந்த வாரமே அம்மாவின் இதயம் நின்றது.

கண் போனவள் என்பது அம்மாவுக்கு ஒரு மேலாளர் கட்டிவிட்ட பெயர். லென்ஸ் தொழிற்சாலையில் அம்மா ஓரம் பார்ப்பவள். ஈர லென்ஸை விளக்கின் மேல் பிடித்து, விளிம்பில் கீறலோ கிழிசலோ இருந்தால் ஒதுக்குவாள். ஒருமுறை ஒரு பேட்ச் முழுவதையும் ஒதுக்கினாள். அந்த மேலாளருக்குச் சரக்கு அன்றே போயாக வேண்டும். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். அந்த லென்ஸைப் போட்டவர்களுக்குக் கண் சிவந்து புகார் குவிந்தது. விசாரணையில் அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னார்: "அந்தம்மாவுக்குக் கண் மங்கிடுச்சு. பாவம், சொல்ல மனசு வரல."

வேலை போனதைக்கூட அம்மா பொறுத்திருப்பாள். அந்தப் 'பாவம்' அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அதன்பிறகு எந்த லென்ஸ் கம்பெனியும் அவளை வாசல்படி ஏற்றவில்லை. கண் மங்கியவளை ஓரம் பார்க்க யார் வைத்துக்கொள்வார்கள்?

வேலை போனபோது கைக்கு வந்த பணத்தை அம்மா அதே கம்பெனியின் பங்குகளில் போட்டாள். மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

"உனக்குப் பைத்தியமா அக்கா? கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளினவன் கையிலயே காசைக் கொடுக்கிற?"

"வாசல் வழியா தள்ளினான். நான் பங்குதாரரா உள்ளே வர்றேன். வருஷா வருஷம் கூட்டம் போட்டாகணும். நான் எழுந்து கேட்டா அவன் உக்காந்து கேட்டாகணும்."

அந்த மேலாளரோ படிப்படியாக ஏறி நிர்வாகத் தலைவராகிவிட்டார். ஊருக்கெல்லாம் கான்டாக்ட் லென்ஸ் விற்ற மனிதர், தான் மட்டும் தடித்த மூக்குக்கண்ணாடியே போட்டார். பழைய வேலைக்காரப் பெண்கள் அவருக்கு வைத்த பெயர் சோடாபுட்டி.

ஆண்டுக் கூட்டத்துக்கு முன் அம்மா தவறாமல் கண் பரிசோதனைக்குப் போவாள். சான்றிதழை வாங்கி, கூட்டத்தில் மைக் முன் நின்று தூக்கிக் காட்டுவாள்.

"தலைவர் அவர்களே, இந்த வருஷமும் என் கண் நல்லாத்தான் இருக்கு. அந்த பேட்சை யார் பாஸ் பண்ணினது?"

"அடுத்த கேள்வி" என்பார் சோடாபுட்டி.

முதலில் அரங்கம் சிரித்தது. போகப்போக அந்தக் கேள்விக்காகவே சிலர் உட்கார்ந்திருந்தார்கள். பின்வரிசையில் ஒரு பெரியவர், இந்தத் தடவை தலைவர் பதில் சொல்வாரா மாட்டாரா என்று பக்கத்துச் சீட்டோடு டீ பந்தயம் கட்டுவார்.

பங்கு விலை ஏறினால் அம்மாவுக்கு வயிறு எரியும். "வித்துடும்மா, நல்ல லாபம்" என்பாள் பொறியாளர் மகள்.

"வித்தா உள்ளே விடுவானா?"

மகளுக்கு மட்டும் அந்தக் கம்பெனி லென்ஸை அவள் வாங்கித் தந்ததே இல்லை. "முதலீடு வேற, கண்ணு வேற."

அம்மா சொல்லிவைத்தபடி கண்களைத் தானம் செய்தார்கள். சடங்கெல்லாம் முடிந்த பிறகு சோடாபுட்டியே போனில் வந்தார்.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. அந்தப் பங்கையெல்லாம் நானே நல்ல விலைக்கு வாங்கிக்கறேன். பழைய கோபம் அவங்களோடயே போகட்டுமே."

"போகலை சார். பங்கோட சேர்ந்து என் பேருக்கு மாறிடுச்சு."

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. அம்மா போன பிறகு மகளுக்கு அன்றுதான் முதல்முறையாகச் சோறு இறங்கியது.

பிறகு ஒருநாள் மருத்துவமனையிலிருந்து அம்மாவின் எண்ணுக்குச் செய்தி வந்தது: வருடாந்திரக் கண் பரிசோதனைக்கு வரவில்லையே? மகள் செய்தியைப் பார்த்தபடி சமையலறையில் நின்றாள். இந்த வருடச் சான்றிதழை அம்மா வாங்காமலே போய்விட்டாள்.

கண் வங்கியின் கடிதம் அலமாரியில் இருந்தது. இரண்டு கருவிழிகளும் நல்ல நிலையில் இருந்ததாகவும், இருவருக்குப் பொருத்தப்பட்டதாகவும் எழுதியிருந்தார்கள். கருவிழி தெளிவாக இருப்பது பார்வைக்கு அத்தாட்சி ஆகாது என்று மகளுக்குத் தெரியும். சோடாபுட்டியிடம் அவ்வளவு கறார் பார்க்க அவள் தயாராக இல்லை. கடிதத்தை மடித்துப் பையில் வைத்தாள்.

கூட்டத்தில் அவள் முறை வந்தது. மைக் முன் நின்று கடிதத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"தலைவர் அவர்களே, இந்த வருஷமும் எங்க அம்மா கண் நல்லாத்தான் இருக்கு. இப்போ ரெண்டு பேர் அதுல பார்க்கறாங்க. அந்த பேட்சை யார் பாஸ் பண்ணினது?"

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"அடுத்த கேள்வி."

மைக் பின்வரிசைக்குப் போனது. டீ பந்தயப் பெரியவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எனக்கும் அதே கேள்விதான் சார்."

அவருக்குப் பக்கத்துச் சீட்டும் கை தூக்கியது. மகள் உட்காரவில்லை.