‘கவுண்டரே’ என்று கூப்பிட்டால்

கல்வராயன் மலையிலுள்ள கரியாலூரிலிருந்து கூடுவாஞ்சேரிக்குக் குடிபோக இருந்த குடும்பம் போகாமல் நின்றது ஆயம்மாளின் பிடிவாதத்தால்தான் என்று ஊரில் சொல்வார்கள். அது பாதி உண்மை. போயே தீர வேண்டும் என்று முதலில் துடித்தவளும் அவள்தான்.

எண்பத்தேழாம் ஆண்டு ஆடியில் கன்று வாங்க மலைக்கு வந்த பண்ணை முதலாளி ஒருவர், நாற்றங்காலில் தினக்கூலியாக இருந்த மாயவனின் கைவாகைக் கவனித்தார். அவன் ஒட்டுக் கட்டிய கன்று பட்டுப்போவது அரிது. சென்னையை ஒட்டிய கூடுவாஞ்சேரியில் தம் பண்ணை இருப்பதாகவும், நிரந்தர வேலையும் குடியிருக்க ஓட்டு வீடும் தருவதாகவும், தை பிறப்பதற்குள் குடும்பத்தோடு வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.

மாயவனின் மனைவி ஆயம்மாள் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. வீட்டைப் பற்றியும் கேட்கவில்லை. “அங்க ஆஸ்பத்திரி எவ்ளோ தூரங்க?” என்றாள்.

“நடந்தே போயிடலாம்மா.”

அந்தப் பதில் அவளுக்குப் போதுமாக இருந்தது. மூன்றாண்டுக்கு முன் அவளுடைய ஆண் குழந்தையைக் காய்ச்சலோடு தூளியில் கட்டி மலையிறக்கினார்கள். அடிவாரத்துப் பரிகம் வருவதற்குள் குழந்தையின் மூச்சு அடங்கிவிட்டது. தூக்கிய இருவருக்கும் அது தெரிந்திருந்தும், அவளிடம் சொல்லத் துணியாமல் அடிவாரம்வரை நடந்தார்கள். அருவி பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள் மலையின் அழகைப் புகழும்போதெல்லாம் ஆயம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள்.

புறப்படுவதற்கு முன் ஒரு வேலை பாக்கியிருந்தது. மூத்த மகள் எழில்மதி கீழே விடுதியில் தங்கிப் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். ஆசிரியர் பயிற்சியில் சேரப் பழங்குடிச் சான்றிதழ் வேண்டும். அதை வாங்கி வைத்துவிட்டுப் போகலாம் என்று புரட்டாசியில் கணவனும் மனைவியும் மலையிறங்கினார்கள்.

அந்த வாரம் தனி இட ஒதுக்கீடு கேட்டுச் சமவெளியெங்கும் சாலை மறியல். பேருந்து ஓடவில்லை. கச்சிராயபாளையம் தாண்டி ஒரு புளியமரம் சாலைக்குக் குறுக்கே வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தது. அதைச் சுற்றி நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

“யாருய்யா அது? எங்க போறீங்க?”

“மலைலருந்து வரோம். கவுண்டருங்க” என்றான் மாயவன்.

“அட, நம்ம ஆளு! குந்துங்க கவுண்டரே. உங்களுக்கும் சேத்துதான் நாங்க வெயில்ல காஞ்சிக்கினு இருக்கோம்.”

கல்வராயன் மலையில் அது ஒரு மரியாதைச் சொல். ஊர்த்தலைவர் ஊர்க்கவுண்டர், வழியில் எதிர்ப்படும் பெரியவரும் கவுண்டரே. அரசாங்கத்தின் ஏட்டில் மட்டும் மலைமக்களுக்கு மலையாளி என்று பெயர். கீழே வந்தாலோ கவுண்டர் என்பது வேறு சாதிக்காரர்களின் பட்டம்; மறியலில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள்தான். இதெல்லாம் மாயவனுக்குத் தெரியாததல்ல. ஆனால் வெள்ளை வேட்டிக்காரர்கள் எழுந்து இடம் விட்டு மோர் கொடுத்ததும் அவன் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டான்.

ஆயம்மாள் அரைமணி நேரம் பொறுத்தாள்.

“மோரு குடிச்சது போதும், எழுந்திரு. யாரு பங்கு கேக்கறதுக்கு நீ குந்திக்கினு இருக்கற?”

கூட்டம் சிரித்தது. ஒருவர் மரக்கிளையை ஒதுக்கி வழிவிட்டார். “கவுண்டரே, வூட்ல ஆட்சி அம்மாவோடதா?”

தாசில்தார் அலுவலகத்தில் ஆட்கள் குறைவாக இருந்தார்கள். எழுத்தர் ஆதிமூலம் பள்ளிச் சான்றைப் பிரித்துப் படித்தார். “சாதி, கவுண்டர்னு போட்டிருக்கே. அப்புறம் எப்பிடிம்மா பழங்குடி?”

“நாங்க மலையாளிங்க சார்” என்றாள் ஆயம்மாள்.

பக்கத்து மேசைக்காரர் தலையைத் தூக்கினார். “மலையாளியா? தமிழ் சுத்தமா பேசறியே! கேரளாவுல எந்த ஊரு?”

“சன்னலத் தொறந்து பாருங்க, எங்க ஊரு தெரியும்.”

அவர் சன்னல் பக்கம் திரும்பவில்லை. மலையைத் தினமும் பார்த்துக்கொண்டு அதன் மக்களைக் கேரளத்தில் தேடுகிறவருக்கு அரசாங்கம் மாதச் சம்பளம் கொடுத்து நாற்காலியும் போட்டிருந்தது.

ஆதிமூலம் சிரிக்கவில்லை, விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார். கூடுவாஞ்சேரிப் பேச்சு வந்தபோதுதான் பேனாவைக் கீழே வைத்தார். “மலையாளின்னா பழங்குடின்னு பட்டியல்ல இருக்கறது சில மாவட்டத்துக்கு மட்டுந்தாம்மா. நம்ம தென்னாற்காடு இருக்கு. கூடுவாஞ்சேரி செங்கற்பட்டு மாவட்டம். அது இல்ல. அங்க போயி கேட்டீங்கன்னா, நீங்க பழங்குடியே இல்லம்பாங்க.”

“பஸ்ஸு ஏறிப் போனா ரத்தம் மாறிடுமா சார்?”

அவர் விண்ணப்பத்தைக் கோப்பில் செருகினார். “விசாரணைக்கு ஆள் வருவாரு. எப்பன்னு சொல்ல முடியாது. வரும்போது வூடு பூட்டியிருந்தா, குடிபெயர்ந்துட்டாங்கன்னு எழுதிட்டுப் போயிடுவாரு. பாத்துக்கோங்க.”

திரும்பும் வழியில் அணைக்கரை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் ஆயம்மாள் கேட்டாள்: “பொண்ண ஸ்கூல்ல சேக்கறப்ப வாத்தியாரு இன்னா கேட்டாரு? நீ இன்னா சொன்ன?”

“சாதி கேட்டாரு. கவுண்டருன்னேன்.”

“ஏன்?”

“பின்ன? கீழருந்து வந்த வாத்தியாரு. நம்மள ஒரு மாதிரி பாக்கறாரு. அவருகிட்ட தலையத் தொங்கப் போட்டுக்கினு நிக்கச் சொல்றியா?”

“உன் மீசைய முறுக்கிவுட எம்பொண்ணு தலையில கல்லத் தூக்கிப் போட்டிருக்க.”

ஐப்பசி போனது, கார்த்திகை போனது; யாரும் வரவில்லை. பண்ணையிலிருந்து நினைவூட்டிக் கடிதம் வந்தது. தான் மட்டும் முன்னால் போவதாக மாயவன் சொன்னான்.

“அப்பன் எங்கன்னு கேட்டா, செங்கற்பட்டுன்னு சொல்லட்டுமா?” என்றாள். ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில் மகளுக்குச் சாதி இல்லை. சாதி இருக்கிற ஊரில் ஆஸ்பத்திரி இல்லை. இரண்டில் ஒன்றைப் பொறுக்கிக்கொள் என்று தன்னிடம் சொன்னவன் யார் என்று தெரிந்திருந்தால் அவள் போய்ச் சண்டை பிடித்திருப்பாள். அப்படி ஒருவன் கண்ணில் படாததால் எல்லா ஏச்சும் மாயவன் மேல் விழுந்தது.

மார்கழிக் கடைசி வாரம் விசாரணை அலுவலர் வந்தார். குலசாமி எது, கலியாணம் எப்படி, பரிசம் என்ன என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். கரியராமர் கோயிலைப் பற்றி மாயவன் தெளிவாகவே சொன்னான். எல்லாம் முடிந்து அவன் சாமைக் குதிர்ப் பக்கம் திரும்பி நடந்தபோது, பின்னாலிருந்து அவர் சாதாரணமாகக் கூப்பிட்டார்:

“கவுண்டரே!”

“சொல்லுங்க சார்” என்று மாயவன் திரும்பினான்.

அலுவலர் சிரித்துக்கொண்டே ஒரு வரி எழுதினார். “கூப்ட்டா திரும்பறாரே. நான் எங்க போயி மலையாளின்னு எழுதறது?”

ஆயம்மாள் கையிலிருந்த முறத்தை வீசிவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

“உங்கள எல்லாரும் சாருன்னு கூப்புடறாங்க. நீங்களுந்தான் திரும்பிப் பாக்கறீங்க. சாருன்றது உங்க சாதியா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் கறுத்தது.

“எழுதுங்க! நான் சொன்னதையும் அந்த நோட்டுல எழுதுங்க. மரியாதைக்குக் கூப்புட்டுட்டு மரியாதைக்குத் திரும்பினவன ஏமாத்தறதுக்கு இம்மாந்தூரம் மலையேறி வந்தீங்களா?”

அவர் நோட்டை மூடிக்கொண்டு போனார். அந்த ஒரு வரியை அடித்தாரா, விட்டாரா, யாருக்கும் தெரியாது. அன்றைக்கே ஆயம்மாள் முடிவைச் சொல்லிவிட்டாள்: “பேப்பரு கைக்கு வர வரைக்கும் இந்த வூட்டக் காலி பண்ண மாட்டேன். மறுபடி எவனாவது விசாரிக்க வந்தா, வூட்ல இருக்கற எல்லாரும் வாசல்ல நிக்கணும்.” பொங்கல் விடுமுறைக்கு வந்த எழில்மதியைக் கொண்டே, வர இயலாது என்று பண்ணைக்குக் கடிதம் எழுத வைத்தாள். எழுதி முடித்ததும் அதைப் படித்துக் காட்டச் சொல்லவில்லை. ஓட்டு வீடு வேறு யாருக்கோ போயிற்று.

பங்குனியில் சான்றிதழ் வந்தது. ‘இந்து மலையாளி’ என்றிருந்தது. மாயவன் அதை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துவிட்டுத் தயங்கிக் கேட்டான்: “இப்பவாவது அந்தப் பண்ணைக்காரருக்கு ஒரு கடுதாசி போடலாமா?”

ஆயம்மாள், முற்றத்தில் மண்ணளைந்துகொண்டிருந்த ஐந்து வயது இளைய மகள் பச்சையம்மாளைக் காட்டினாள். “இவளுக்கு?”

ஆனியில் பச்சையம்மாளைப் பள்ளியில் சேர்க்க மூவருமாகப் போனார்கள். ஆயம்மாள் மேசைக்கு நேராக நின்று, பதிவேட்டில் பேனா நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் சான்றிதழில் அந்தச் சொல் எப்படி இருக்கிறது என்பதை எழில்மதியிடம் கேட்டு, எழுத்து எழுத்தாக மனத்தில் பதித்துக்கொண்டு வந்திருந்தாள். ஒவ்வொரு எழுத்தையும் ஒத்துப் பார்த்த பிறகே நகர்ந்தாள்.

வாசல் வரை போனவர்களைத் தலைமையாசிரியர் பின்னாலிருந்து கூப்பிட்டார். “கவுண்டரே! ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு.”

மாயவன் திரும்பவில்லை. நடந்துகொண்டே இருந்தான்.

“உன்னத்தான்யா கூப்புடறாரு” என்றாள் ஆயம்மாள்.

“வேற யாரையாவது இருக்கும்” என்றான் அவன்.