தாத்தாவுக்கு ஒரு கல்லறை

எங்கள் தாத்தாவுக்குக் கல்லறை கிடையாது. எட்டு வயதில் எனக்கு அது பெரிய மானக்கேடாக இருந்தது.

பாளையங்கோட்டையில் கல்லறைத் திருநாள் வந்தால் பாதி ஊர் கல்லறைத் தோட்டத்தில்தான் நிற்கும். புல் செதுக்குவார்கள், சுண்ணாம்பு அடிப்பார்கள், செவ்வந்தி மாலை போட்டு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். எங்களுக்கு ஆச்சியின் கல்லறை இருந்தது. தாத்தாவோ பட்டாளத்துக்குப் போய் பர்மாச் சண்டையில் செத்துப்போனவர். தந்தி வந்தது, ஆள் வரவில்லை. அப்பா அப்போது ஆச்சியின் வயிற்றில் இருந்தார்.

அதனால் வருடா வருடம் அப்பா ஆச்சிக்கு ஒரு மெழுகுவர்த்தியைக் கல்லறைமேல் வைப்பார். தாத்தாவுக்கு இன்னொன்றைப் பக்கத்தில் மண்ணில் ஊன்றுவார். ஐப்பசி ஈரத்தில் அது சாய்ந்து அணைந்துபோகும். அப்பா குனிந்து மறுபடி ஏற்றுவார், மறுபடி அணையும். பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வரும்.

அந்த வருடம், பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த என் வகுப்புக்காரி, "ஏட்டி, உங்க தாத்தா என்ன, தரையிலயா கெடக்காரு?" என்று கேட்டுவிட்டாள். போதாதா எனக்கு!

நாலு கல்லறை தள்ளி ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தது. பெயர்க்கல் உடைந்து எங்கேயோ போயிருந்தது. மேலெல்லாம் பாசி. அங்கே கல்லறை இருக்கிறது, சொந்தம் கொண்டாட ஆள் இல்லை. எங்களிடம் ஆள் இருக்கிறார், கல்லறை இல்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அம்மா புல் செதுக்குவதில் மும்முரமாக இருந்தாள். அப்பா யாரோடோ பேச்சில் நின்றுவிட்டார். மிச்சச் சுண்ணாம்பு வாளியையும் அடிக்கிற மட்டையையும் இழுத்துக்கொண்டு போனேன். கல்லறைக்குப் பாதி, என் பாவாடைக்குப் பாதி என்று அடித்து முடித்தேன். சுண்ணாம்பு பளிச்சென்று வருவதற்காகக் கலக்குகிற சலவை நீலம் கொஞ்சம் மீதி இருந்தது. அதை விரலால் தொட்டு, தலைமாட்டில் தாத்தாவின் பெயரைப் பெரிதாக எழுதினேன். கீழே, 'பட்டாளத்தில் மரித்தார்' என்றும் எழுதினேன். என் கையெழுத்து அவ்வளவு அழகாக அதற்குமுன் வந்ததே இல்லை.

அந்த நேரம் பார்த்து, வண்ணார்பேட்டையில் பாத்திரக்கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் மாலையும் கையுமாக வந்து நின்றார். அது அவருடைய அம்மாவின் கல்லறையாம். உடம்புக்கு முடியாமல் இரண்டு வருடமாக வரவில்லையாம்.

"எங்கம்ம கல்லறையில யாரு பேருவே இது?" என்று அவர் போட்ட சத்தத்தில் தோட்டமே திரும்பிப் பார்த்தது.

அப்பா ஓடி வந்தார். எழுத்தைப் பார்த்தார். பிறகு அண்ணாச்சியைப் பார்த்துக் கைகூப்பினார்.

"மன்னிச்சிக்கிடுங்க அண்ணாச்சி. பிள்ளை வெவரம் தெரியாம எழுதிட்டா. எங்க ஐயா பேரு அது. பர்மாச் சண்டையில போயிட்டாவ."

அண்ணாச்சியின் குரல் இறங்கிவிட்டது. "மொகம் பாத்திருக்கீயளா?"

"இல்ல."

"அப்பம் இருந்துட்டுப் போட்டும். எங்கம்ம ஒண்ணும் சொல்ல மாட்டா."

அப்பா சம்மதிக்கவில்லை. "உங்கம்ம படுத்திருக்க எடம். அவ்வொ பேருதான் இருக்கணும்" என்று சொல்லி, என் கையிலிருந்து மட்டையை வாங்கினார்.

இரண்டு இழுப்பில் முடிகிற வேலை அது. அப்பா ஓர் எழுத்தின்மேல் அடிப்பார், நிறுத்துவார், அடுத்த எழுத்துக்குப் போவார். ஈரச் சுண்ணாம்பு உடனே எதையும் மறைக்காது, காயக் காயத்தான் வெளுக்கும். அடித்து முடித்த பிறகும் நீலப் பெயர் அப்படியே தெரிந்தது. அண்ணாச்சி மாலையைக் கையில் பிடித்தபடி பொறுமையாகக் காத்திருந்தார். அம்மா இரண்டு முறை கூப்பிட்டாள். அப்பா நகரவில்லை. ஒவ்வோர் எழுத்தாக மங்கி, கடைசிப் புள்ளியும் வெள்ளைக்குள் போகும்வரை அங்கேயே நின்றார்.

பேர் அழிகிறவரைக்கும் காவல் நிற்கிறாரே, என்மேல் அவ்வளவு கோபமா என்று நான் அழுதுகொண்டிருந்தேன். தன் அப்பாவின் பெயரை ஒரு கல்லறைமேல் அவர் பார்த்தது அந்த ஒரு தடவைதான் என்று எனக்கு அப்போது எங்கே தெரிந்தது?