இஞ்சேரப்பா

கலியாணம் கட்டிய நாளிலிருந்து சூசைதாசன் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. றஜீனா என்று ஞானஸ்நானத்தில் வைத்த அழகான பெயர் பாஸ்போர்ட்டிலும் கவுன்சில் கடிதங்களிலும் சும்மா கிடந்தது. வீட்டில் அவள் 'இஞ்சேரப்பா', அதாவது 'இங்கே பாரப்பா'. காலில் போடச் சப்பாத்தைக் காணவில்லை, இஞ்சேரப்பா. தேத்தண்ணி ஆறிப்போச்சு, இஞ்சேரப்பா. ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒரு இஞ்சேரப்பா.

மனிசனுக்குத் தொண்டையென்றால் அப்படியொரு தொண்டை! மன்னாரில் தவக்காலப் பாட்டுக்கு அவர் வாய் திறந்தால் கோயிலுக்கு மைக் தேவைப்படாது. லண்டனுக்கு வந்து இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டினார். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மாடிப்படியில் நின்று அந்தத் தொண்டையை அவிழ்த்துவிடுவார். முதல் கூப்பாட்டுக்கு றஜீனா அசையமாட்டாள். இரண்டாவதற்கும் மாட்டாள். மூன்றாவதற்குத்தான், "என்னப்பா? எனக்கென்ன காது செவிடோ?" என்று குசினியிலிருந்து சீறுவாள்.

இரண்டு வருஷத்துக்கு முந்தி அதே தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்து உயிரைக் காப்பாற்றினார்கள். இப்போது மூச்செல்லாம் கழுத்திலுள்ள துளை வழியேதான். உதடும் நாக்கும் முன்போல அசைகின்றன, சத்தம்தான் இல்லை. கழுத்தில் வைத்துப் பேச ஆஸ்பத்திரியில் ஒரு கருவி கொடுத்தார்கள். ஒருதரம் வைத்துப் பார்த்தார். மிக்சி ஓடுகிறமாதிரி ஒரு சத்தம் வந்தது. அதை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினவர்தான், பிறகு திறக்கவில்லை.

அதன்பின் எல்லாம் கொப்பியில்தான். 'தேத்தண்ணி' என்று எழுதிக் காட்டுவார், 'மருந்து' என்று எழுதிக் காட்டுவார். இஞ்சேரப்பா என்று யாராவது எழுதிக் காட்டுவார்களா? அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் படிக் கைப்பிடியில் கரண்டியால் தட்டுவார். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் றஜீனா, ஆள் உயிரோடிருக்கிறார், கடவுளுக்குத் தோத்திரம், இதற்குமேல் ஆசைப்படாதே என்று தன்னைத்தானே ஏசிக்கொள்வாள். ஆனாலும் ஆசை விட்டால்தானே! ஒரேயொரு தரம் அந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட வேண்டும்.

றஜீனா நோர்பரியில் உடுப்புத் திருத்திக் கொடுக்கும் கடையில் வேலை செய்கிறாள். கடைக்கு வந்த ஒருத்தி விட்டுப்போன துண்டுப் பிரசுரத்தில் ஒரு அங்கியின் படம் இருந்தது. ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோவிலுள்ள ஐனு மக்கள் மரப்பட்டை நாரில் நெய்ததாம். அவர்களுடைய தையலை ஒரு மியூசியத்தில் சனிக்கிழமை பழக்குகிறார்களாம். ஊசி பிடித்த கைக்கு வேறென்ன வேண்டும்? புருஷனையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டாள்.

போய்ப் பார்த்தால் தையல் மேசை நிறைந்திருந்தது. பக்கத்து மேசையில் மட்டும் இடமிருந்தது. அங்கே முக்குரி செய்தார்கள். ஒரு சாண் மூங்கில் தகடு, நடுவில் கீறிய மெல்லிய நாக்கு, இரண்டு முனையிலும் நூல். வாயில் வைத்து வாசிக்கிற வாத்தியம். றஜீனாவுக்குப் பகீரென்றது. குரலில்லாத மனிசனைக் கொண்டுவந்து இதிலா இருத்துவது?

"வாங்கோ, உடுப்புகளைப் பாத்திட்டுப் போவம்," என்று கையைப் பிடித்தாள். சூசைதாசன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பிடிவாதத்துக்கு மட்டும் ஒரு குறைவும் இல்லை.

ஹொக்கைடோவிலிருந்து வந்திருந்த நவோமி என்ற ஐனுப் பெண் அவர் கழுத்துத் துளையை மூடியிருந்த துணியைக் கண்டாள். ஐயோ பாவம் என்று முகத்தை வைத்துக்கொள்ளவில்லை. "இதை ஊதத் தேவையில்லை. குரலும் வேண்டாம். நூலைச் சுண்டினால் மூங்கில் அதிரும். வாயை எப்படி வைக்கிறீர்களோ அப்படி அது பேசும்," என்றாள். கூரையிலிருந்து மழைத்துளி விழுவதை வாசித்தாள். கரடிக்குட்டி தாயைத் தேடுவதை வாசித்தாள்.

நூலை அவரவரே கட்ட வேண்டும். சூசைதாசனின் தடித்த விரல்களுக்கு அது ஏலவில்லை. "விடுங்கோ, தாங்கோ இஞ்சை," என்று றஜீனா பறித்து அவிழாத முடிச்சாகப் போட்டுக் கொடுத்தாள். அவர் வாயில் வைத்துச் சுண்டினார். டொக். இன்னொரு தரம். டொக். தோற்றுப்போன அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. எழுந்து அங்கி இருந்த கண்ணாடிப் பெட்டியடிக்குப் போய்விட்டாள்.

அங்கியின் கழுத்தோரத்திலும் கைவாயிலும் முள் முள்ளாக வளைந்த தையல். கெட்டது உள்ளே நுழையாமல் காவலுக்கு என்று எழுதியிருந்தது. எத்தனை பேரின் சட்டைக் கழுத்தைத் திருத்தியிருப்பாள்! இந்த மனிசனின் கழுத்துக்கு ஒரு முள் தைத்துவிடத் தெரியாமல் போயிற்றே என்று கண் கலங்க நின்றாள்.

முதுகுக்குப் பின்னால் மூங்கில் அதிர்ந்தது. இ... ஏ... அ... ஆ.

"என்னப்பா? வாறன்!"

அந்த மண்டபமே திரும்பிப் பார்த்தது. இரண்டு அடி வைத்த பிறகுதான் கூப்பிட்டது மூங்கில் என்று அவளுக்கு உறைத்தது. சும்மா வாயைத் திறந்து மூடிப் பார்த்தாரோ, கூப்பிட்டுத்தான் பார்த்தாரோ, நூலைப் பிடித்த கை அப்படியே நிற்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, அவளைப் பார்த்தபடியே திரும்பவும் சுண்டினார். இ... ஏ... அ... ஆ. இந்தமுறை சந்தேகமே இல்லை, இஞ்சேரப்பாதான்.

"இது என்ன, மழையா?" என்று நவோமி கேட்டாள்.

றஜீனாவுக்கு வாயில் இங்கிலீஷ் வரவில்லை. தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டிவிட்டு, அத்தனை பேருக்கும் முன்னால் விக்கி விக்கி அழுதாள்.

மறுநாள் ஞாயிறு. பூசைக்குப் போகமுதல் றஜீனா குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள். முக்குரியின் சத்தம் சின்னது. அதனால் றேடியோவை நிறுத்தி, கதவையும் அகலத் திறந்து வைத்திருந்தாள். ஹோலிலிருந்து ஒரு தரம் வந்தது. அவள் சீனியைக் கலக்கினாள். இரண்டாம் தரமும் வந்தது, கொஞ்சம் கோபத்தோடு. மூன்றாம் தரமும் கூப்பிடட்டும் என்று அசையாமல் நின்றாள்.